மைதானத்தை வாடகைக்கு விடாதீர்கள்: அரசு விளையாட்டுக் கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற வாரம் மாலைப் பயிற்சியில், நம் பெண்கள் கால்பந்து அணியின் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பந்தைத் தடுக்கச் சறுக்கியபோது, மண்ணுக்குள் புதைந்திருந்த இரும்பு முளை அவளது முழங்காலைக் கிழித்ததைத் தாங்கள் அறிவீர்கள். கோடையில் பொருட்காட்சிக்காக மைதானம் வாடகைக்கு விடப்பட்டபோது, ராட்டினத்துக்கும் கடைகளுக்கும் அடித்துவிட்டுப் பிடுங்காமல் போன முளைகளுள் அதுவும் ஒன்று என்பதையும் அறிவீர்கள்.

அதற்குப் பிறகு, பயிற்சி தொடங்குமுன் பிள்ளைகள் தோளோடு தோள் உரச வரிசையாக நின்று, ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கோல் கம்பம் வரை குனிந்தபடியே நடந்து ஆணியும் கண்ணாடிச் சில்லும் கம்பித் துண்டும் பொறுக்குகிறார்கள். பயிற்சியாளரும் அவர்களுடன் குனிந்து நடக்கிறார். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கிடைப்பதே சிறிது நேரம்தான்; அதில் பாதி பொறுக்குவதிலேயே போய்விட, வெளியூர்ப் பிள்ளைகள் கடைசி டவுன் பஸ்ஸுக்காகப் பந்தைச் சரியாகத் தொடாமலேயே கிளம்பிவிடுகிறார்கள். அந்த வரிசையில் என் மகளும் நிற்கிறாள்.

ரோலர் ஓட்டிச் சமன் செய்துவிட்டதாகத் தங்கள் தரப்பில் சொல்லப்பட்டது. நம் பக்கத்து மண் களிமண். குழிகளைச் செங்கல் ஜல்லி போட்டு மூடினால், ஐப்பசி மழையில் மண் இளகிக் கரைய, ஜல்லி மேலே வந்து நிற்கும் என்பது இங்கே வயலில் இறங்கிய எவருக்கும் தெரியும். மேல்மண்ணைக் கிளறிச் சலித்து, மணல் கலந்து பரப்பி, வடிகால் வெட்டிப் புல் பதித்தால் மட்டுமே அது மீண்டும் ஆடுகளம் ஆகும். அதைச் செய்து தாருங்கள். இனி மைதானத்தை வாடகைக்கு விடாதீர்கள்.

பராமரிப்புச் செலவுக்காகவே வாடகைக்கு விடுவதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால், வந்த வாடகையில் மைதானத்துக்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கபடியும் கைப்பந்தும் தடகளமும் இருந்தாலும், இக்கழகத்தின் பெயர் வெளியூர்களில் தெரிவது கால்பந்து அணியால்தான்.

தேசிய மகளிர் கால்பந்து சாம்பியன் பட்டத்தைத் தமிழ்நாடு 2018-இலும் 2023-இலும் வென்றது. கொள்ளிடத்துக்கு வடக்கே, கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடிக்கொண்டே காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனார். அரசுப் பணியில் சாதனை வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. இவற்றையெல்லாம் மேடையில் சொல்லிப் பெண்பிள்ளைகளை விளையாட அழைப்பது அரசு. அந்த அழைப்பை நம்பி வந்தவர்களை ஆணி பொறுக்க வைப்பதும் அரசின் கழகமே என்பதைத்தான் எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மகளை அனுப்பத் தயங்கும் தகப்பனிடம் பேசி அழைத்து வருவது எவ்வளவு பாடு என்பதைத் தங்கள் பயிற்சியாளரைக் கேட்டுப் பாருங்கள்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மண்வேலையை முடித்துத் தாருங்கள். மைதானம் விளையாட்டுக்கு மட்டுமே என்று குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலைப் பெற்றோருக்கு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெண்கள் அணி வீராங்கனை ஒருத்தியின் தந்தை