சம்பந்தி ஆகக்கூடியவர்களை எங்கே உட்காரவைப்பது?

கால்வே, அயர்லாந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கயலின் பட்டமளிப்புக்கு நவம்பரில் நீயும் சாந்தியும் வருகிறீர்கள் என்று படித்ததும் மாடி அறையை ஒழிக்கத் தொடங்கிவிட்டேன். அங்கே இருந்த தையல் இயந்திரம் கூடத்துக்கு வந்துவிட்டதில் மீனாவுக்குக் கொஞ்சம் வருத்தம். அண்ணனுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் நிம்மதி. இனி அவர் சீட்டுக்கட்டில் ஏமாற்றுவதற்குப் பார்வையைச் சாக்குச் சொல்ல முடியாது.

கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியதுபோல் கேட்டிருக்கிறாயே, அதற்கு வருகிறேன். கயலோடு படித்த அந்தப் பையனும் அவன் அப்பா அம்மாவும் நீங்களும் முதன்முதலாகச் சந்தித்துச் சாப்பிட "ஒரு நல்ல ஓட்டல்" வேண்டும் என்கிறாய். கால்வே 85,000 பேரை ஒட்டிய ஊர், நம் கும்பகோணத்தைவிடச் சிறியது. ஆனாலும் நல்ல ஓட்டலுக்குப் பஞ்சமில்லை. நான் இங்கே இடம் பார்ப்பது தட்டில் என்ன விழும் என்பதை வைத்தல்ல. எதிரில் இருப்பவரோடு எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், பேச்சு தடுமாறினால் எழுந்துபோக வழி உண்டா, இந்த இரண்டையும்தான் பார்ப்பேன்.

கயல் அனியர் என்ற பெயரைச் சொல்லியிருப்பாள். டொமினிக் தெருவில் இருக்கும் சின்ன உணவகம் அது, சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷலின் நட்சத்திரத்தை 2012 முதல் வைத்திருக்கிறது. மேற்கு அயர்லாந்தின் கடற்கரையிலும் வயலிலும் கிடைப்பதைக் கொண்டே சமைப்பார்கள், கடற்பாசி உட்பட. விலைப்பட்டியலைப் பார்த்து நாமாக எதையும் கேட்க முடியாது. அவர்கள் வகுத்த வரிசையில் ஒவ்வொரு தட்டாக வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கமும் வரும். ஒருவருக்கு 100 யூரோவைத் தாண்டிவிடும். திருமண நாளுக்கு நீயும் சாந்தியும் மட்டும் போனால் அருமையான இடம். முன்பின் தெரியாத ஆறு பேர் அங்கே மாலை முழுக்க அகப்பட்டுக்கொண்டால் பெண் பார்க்கும் சடங்கே தேவலை என்றாகிவிடும்.

பப்பும் வேண்டாம். நீ முகம் சுளிப்பாய் என்பதற்காகச் சொல்லவில்லை. இங்கே பப் என்பது பாதி நேரம் ஊர்த் திண்ணை, தேநீர் குடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. 1894 முதல் இருக்கும் நாக்டன்ஸின் பழைய மர அறைகளில் உன்னை ஒரு மாலை கட்டாயம் உட்காரவைப்பேன். ஆனால் பிடில் தொடங்கிவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் காதில் கத்த வேண்டியிருக்கும். கல்யாணப் பேச்சைக் கத்திப் பேச முடியாது.

ஞாயிறு மதியம் ஓட்டல்களில் கார்வரி என்று ஒன்று நடக்கும். வெள்ளைத் தொப்பிக்காரர் பெரிய இறைச்சித் துண்டை நம் கண்ணெதிரே அறுத்துத் தட்டில் அடுக்கி, மேலே குழம்பை ஊற்றுவார். கூடவே உருளைக்கிழங்கு, மசித்தது ஒரு கரண்டி, வறுத்தது நான்கு, கேட்டால் சிப்ஸும். சைவக்காரியான சாந்திக்கு அங்கே கிடைக்கப்போவது மூன்று விதமான உருளைக்கிழங்குதான். உனக்கு வேண்டுமானால் தனியாக அழைத்துப்போகிறேன்.

அதே ஓட்டல்களில் வேறொரு சாப்பாடும் உண்டு, இந்த ஊரில் என் மனதைத் தொட்டது அதுதான். போன குளிர்காலத்தில் எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர் தவறிவிட்டார். தேவாலயத்தில் பூசை முடிந்ததும், அடக்கத்துக்குப் பிறகு எல்லோரும் இன்ன ஓட்டலுக்குச் சாப்பிட வர வேண்டும் என்று குடும்பம் அழைப்பதாகப் பாதிரியார் அறிவித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் ஊரில் சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டோம், சம்பந்தி வீட்டார் சமைத்து எடுத்துவருவார்கள், இழவு கேட்க வந்தவன் கை நனைக்கலாமா என்பதற்கே ஆயிரம் கணக்கு. இங்கே துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வீட்டார் விருந்து வைக்கிறார்கள். நீளமான மேசைகளில் காய்கறி சூப், முக்கோணமாக வெட்டிய சாண்ட்விச், நிறுத்தாமல் ஊற்றப்படும் தேநீர். செத்தவர் கால்பந்து மைதானத்தில் செய்த அட்டகாசத்தை ஒருவர் சொல்ல, அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நான்கு மணிவரை யாரும் எழுந்திருக்கவில்லை. இப்படிப்பட்ட நாளுக்கு உணவு மிகச் சாதாரணமாக இருக்க வேண்டும் என்பது இவர்களுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

சரி, உன் விஷயம். ஆர்ட் பியா என்ற உணவகத்துக்குப் பகல் சாப்பாட்டுக்குப் போவோம். 1584இல் கட்டிய ஸ்பானிஷ் ஆர்ச் என்ற கல் வளைவை ஒட்டிய பழைய கல் கட்டடம், காரிப் ஆறு கடலில் விழும் இடம். காய்கறிச் சமையலை ஒப்புக்குச் செய்யாதவர்கள். இருந்தாலும் சூப்பில் கோழிச்சாறு கலந்திருக்கிறதா என்று சாந்திக்காக நான் கேட்டுவிடுகிறேன். சனி ஞாயிறுகளில் வாசலில் வரிசை நிற்கும், அதனால் வார நாளாகப் பார். ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வெளியே வந்தால் ஆற்றோரமாக நடக்க இடம் இருக்கிறது. பெண்கள் முன்னால் போகட்டும், நீயும் பையனின் அப்பாவும் பின்னால் வாருங்கள். மேசையில் வராத பேச்சு நடையில் வரும். மழை பெய்தால் என்ன செய்வது என்று கேட்காதே, பெய்யும். குடையைக் காற்று பிய்த்துவிடும், தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்கிக்கொண்டு வா.

பில் வரும்போது அவசரப்படாதே. நீ பையை எடுப்பாய், அவர் வேண்டாம் என்பார், நீ மறுப்பாய், அவர் மறுபடியும் மறுப்பார். தேநீர் வேண்டுமா என்று கேட்டால்கூட முதல் தடவை வேண்டாம் என்று சொல்லும் ஊர் இது, உனக்கு அந்நியமாகவே தோன்றாது. அந்தமுறை அவர் கொடுக்கட்டும். அடுத்த சாப்பாடு உன்னுடையது என்று சொல்ல ஒரு வாய்ப்பு கிடைக்குமல்லவா?

அந்த அடுத்த சாப்பாட்டுக்குக் கில்கோல்கனில் மோரன்ஸ் இருக்கிறது. கூரை வேய்ந்த வீடு, முன்னால் ஓடுநீர், காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். உள்ளூர்ச் சிப்பி செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல்வரை கிடைக்கும், நீங்கள் வருவது சரியான பருவம். பச்சையாக, எலுமிச்சை பிழிந்து விழுங்க வேண்டும். உன் முகத்தைப் பார்க்கவே நான் வருவேன்.

பட்டமளிப்பு நாள் இரவுக்கு மட்டும் இப்போதே மேசை சொல்லிவைக்க வேண்டும், எல்லாப் பிள்ளைகளின் பெற்றோரும் அன்றைக்குத்தான் ஊரில் இருப்பார்கள். நம் ஊர்போல் பத்து மணிக்குச் சாப்பிடக் கிளம்ப முடியாது, ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் பல அடுப்புகளை அணைத்துவிடுவார்கள். ஆறு மணிக்குப் பதிவு செய்யட்டுமா? தேதி உறுதியானதும் எழுது. கீ தெருவில் 1902 முதல் மீன் விற்கும் மெக்டோனாஸில் நீயும் நானும் மட்டும் ஒரு நாள், அதற்குப் பதிவு தேவையில்லை.

சாந்தியிடம் பருப்புப்பொடி கொஞ்சம் தாராளமாகக் கொண்டுவரச் சொல். நெய் வேண்டாம், பால் பொருட்களை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். பையனுக்குக் காரம் ஆகுமா என்று கயலிடம் கேட்டுவை. வீட்டிலும் ஒரு நாள் சமைக்க வேண்டும் என்று மீனா பிடிவாதமாக இருக்கிறாள்.

அன்புடன்,
முரளி