பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

காவேரிப்பட்டினம்
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்ப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கிணற்றுமேட்டு மரத்தில் பெங்களூரா மாங்காய் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. கூழ் ஃபேக்டரிக்காரர்கள் இன்னும் விலை சொல்லவில்லை. அத்தை விஷயம் ஒருவழியாக முடிந்தது, நேரில் சொல்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

போன மாதம் வந்திருந்தபோது ராத்திரி ரெண்டு மணிக்கு மொட்டை மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாயே, அப்போது நான் படியில்தான் நின்றிருந்தேன். "எந்த சர்வர்னு பார்க்காம கமாண்டை ஓட்டிட்டேன்" என்று யாரிடமோ சொன்னாய். அப்புறம் வெகுநேரம் பேச்சே இல்லை. நான் மேலே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நீ டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று சொன்னால், ஊரில் "கம்ப்யூட்டர் வேலையா" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் விடுவதில்லை. பேங்கில் உன் பணம் எவ்வளவு என்று ஒரு ஏட்டில் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி ஏட்டைக் காக்கிறவள் என் மகள் என்பேன். யார் எதைப் பார்க்கலாம், யார் எதில் கை வைக்கக் கூடாது என்று அனுமதி கொடுக்கிறவள். கேட்ட விவரம் வரத் தாமதமானால் எங்கே இன்டெக்ஸ், அதாவது புத்தகத்துக் கடைசியில் இருக்கிற சொல்லடைவு மாதிரி ஒன்று, இல்லை என்று தேடுகிறவள். ஊர் தூங்குகிற நேரம் பார்த்து, சாஃப்ட்வேரில் உள்ள ஓட்டையை அடைக்கிற பேட்ச் போடுகிறவள். எல்லாம் ஓடுகிறவரை இப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது என்று நீ சொன்னதையும் சேர்த்துச் சொல்வேன்.

ஆனால் பொங்கலுக்கு வந்தவள் மாட்டுப் பொங்கலுக்கு இல்லையே. ஆன்-கால் என்கிறாய், எந்நேரம் கூப்பிட்டாலும் வேலைக்கு உட்கார வேண்டுமாம். ஒரு வாரம் ஒருவர் என்று முறை வைத்திருப்பதாக நீதான் சொன்னாய். எந்த வாரம் கேட்டாலும் உன் முறையாகவே இருக்கிறது. பெங்களூர் என்ன, ரெண்டு மூணு மணி நேரப் பயணம். அம்மா நிப்பட் சுட்டு டப்பாவில் போட்டு வைக்கிறாள், கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்கின்றன.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிட்லேப் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியில் நடந்ததைச் சொன்னாய், நினைவிருக்கிறதா? 2017 ஜனவரி 31. ராத்திரி வெகுநேரம் வேலை பார்த்த ஒருவர், வேறு சர்வர் என்று நினைத்து அசல் டேட்டாபேஸையே அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. நிறுத்துவதற்குள் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. நம்பியிருந்த பேக்கப் எதுவும் கைகொடுக்கவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னால் எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அதை எடுத்தவரும் அழித்த அதே ஆள்தான் என்றாய். எனக்கு அது மனசில் நின்றுவிட்டது. கம்பெனி எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் ஊரறிய எழுதியது என்றாய். "பேக்கப் எடுத்தா போதாதுப்பா, திரும்ப ஏத்திப் பார்க்கணும்" என்றாய்.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னாய். ராத்திரி எடுத்த பேக்கப்போடு, அதற்குப் பிறகு நடந்ததை வரி வரியாகக் குறித்துவைக்கிற லாகும் இருந்தால், கெட்டுப்போவதற்கு முந்தின நிமிஷம்வரை மீட்டுவிடலாம் என்று. தண்ணீர் குடிக்கிறேன் என்று நான் எழுந்து போனேனே, தாகத்துக்காகப் போகவில்லை.

பால் சங்கத்தில் நான் கணக்கு எழுதிய காலம், நீ பிறக்கவில்லை. ஒரு மழை நாளில் பதிவேட்டைப் பீரோவில் வைக்காமல் மேஜையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஓடு ஒழுகி பத்து நாள் கணக்கு கரைந்துபோனது. மறுநாள் பட்டுவாடா. செயலாளர் கேட்டபோது, அட்டெண்டர் அண்ணன் எடுத்து வைக்க மறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. உறுப்பினர்கள் வீட்டில் இருந்த பால் அட்டைகளில் காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை லிட்டர் என்று இருந்தது. வீடு வீடாகப் போய்ப் பார்த்து முழுக் கணக்கையும் திரும்ப எழுதினேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். கணக்கு திரும்பி வந்தது, அண்ணனுக்கு வேலை திரும்பி வரவில்லை. நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கட்டட வேலைக்குப் போனார். அம்மாவுக்கும் இது தெரியாது.

அன்றைக்கு ராத்திரி என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. நீ செய்தது என்றால் நான்தான் செய்தேன் என்று எழுதிக் கொடுத்துவிடு. எந்த நேரத்தில் என்ன ஓட்டினாய் என்று ஒன்றுவிடாமல் எழுது. உன் தலையில் வேறு யாராவது கட்டியிருந்தால் அதையும் எழுது, அந்த அண்ணனைப் போலப் பேசாமல் நிற்காதே. வேலை போனால் போகட்டும், வீடு இருக்கிறது. சாப்பிடாமல் மட்டும் இருக்காதே.

அண்ணன் இப்போது ஊரோடு வந்துவிட்டார், மகன் வீட்டில் இருக்கிறார். கண் சரியாகத் தெரியவில்லையாம். நாளைக் காலையில் போய்ப் பார்க்கப் போகிறேன். இத்தனை வருஷம் அந்தத் தெரு வழியாகவே போகாமல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

சனிக்கிழமை வா. எந்த பஸ்ஸாக இருந்தாலும் சரி, ஏறினதும் ஒரு போன் பண்ணு, ஸ்டாண்டில் வண்டியோடு நிற்கிறேன்.

அப்பா