லத்தீன் பாடநூல்களில் நெடிற்குறி வேண்டும்

லத்தீன் இலக்கண நூல்களைப் பதிப்பிப்பவர்களுக்கும் கற்பிப்பவர்களுக்கும்,

வணக்கம். தலைவனைக் குறிக்கும் 'டுக்ஸ்' என்ற பெயர்ச்சொல்லை வேற்றுமை ஏற்கும் முறையில் மூன்றாம் வகையான பெயர்களின் அட்டவணையில் வைக்கிறீர்கள். சரிதான். அடிச்சொல் 'டுக்', எழுவாயில் 'ஸ்' சேரும். பிறகு டுகிஸ் (தலைவனுடைய), டுகீ (தலைவனுக்கு), டுகெம் (தலைவனை), டுகெ என்று போகும். 'ஹன்னிபாலெ டுகெ' என்ற இரண்டே சொல்லில் '(கார்தேஜ் தளபதி) ஹன்னிபால் தலைமையில்' என்ற பொருள் வந்துவிடுகிறது; நடுவில் வினை எதுவும் தேவையில்லை. எவ்வளவு சிக்கனமான மொழி!

ஆனால் இதே குடும்பத்தில் 'டூகோ' (வழிநடத்துகிறேன்) என்ற வினையும் இருக்கிறது. அதன் உகரம் நெடில். டூகிஸ் என்றால் 'நீ வழிநடத்துகிறாய்'. டூகேஸ் என்றால் 'நீ வழிநடத்துவாய்'. குறிலாக டுகேஸ் என்றால் 'தலைவர்கள்'. டூகீ என்றால் 'வழிநடத்தப்படுதல்'. நெடிற்குறி, அதாவது நெடில் உயிரெழுத்தின் மேல் இடும் கோடு, இல்லாமல் அச்சிட்டால், 'தலைவனுக்கு' என்பதும் 'வழிநடத்தப்படுதல்' என்பதும் லத்தீன் எழுத்தில் duci என்று எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடும். உங்களில் பலர் அப்படித்தான் அச்சிடுகிறீர்கள்.

இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்பீர்கள். பழகியவருக்குச் சரி. ஆசிரியர் துணையில்லாமல் தனியாகப் படிப்பவருக்கு அந்த இடமே இன்னும் பிடிபட்டிருக்காதே! குறில் நெடில் தெரியாமல் லத்தீன் செய்யுளைச் சந்தத்தோடு வாசிக்கவும் முடியாது. நெடிற்குறி ஒன்றும் நம் காலத்துப் புதுமையும் இல்லை. ரோமானியக் கல்வெட்டுகளிலேயே நெடில் உயிர்களின் மேல் 'அபெக்ஸ்' என்ற சாய்கோட்டைப் பொறித்திருக்கிறார்கள்.

தமிழருக்கு இந்த அருமை நன்றாகவே தெரியும். எ, ஏ, ஒ, ஓ வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கிய பெருமையை நாம் வீரமாமுனிவருக்குத் தருகிறோம். இத்தாலியிலிருந்து வந்த அவரே தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதியவர்.

அதனால் கேட்கிறேன்: அடுத்த பதிப்பில், முதல் அட்டவணை தொடங்கிக் கடைசி வாசிப்புப் பகுதி வரை நெடிற்குறி போடுங்கள். அட்டவணையில் மட்டும் போட்டுவிட்டு வாசிப்புப் பகுதியில் விட்டுவிடுவதால் பயனில்லை.

அப்புறம் இன்னொன்று. சில நூல்கள் 'டுக்ஸ்' பக்கத்தில் 'ஆண்பால்' என்று மட்டும் போடுகின்றன. டைர் நகரிலிருந்து கப்பல்களில் செல்வத்தை ஏற்றிக்கொண்டு தப்பிய கார்தேஜ் அரசி டைடோவைப் பற்றி, 'டுக்ஸ் ஃபேமினா ஃபக்தீ', அச்செயலுக்குத் தலைமை ஒரு பெண், என்று ரோமானியக் கவிஞர் வெர்ஜில் தம் 'ஈனியட்' காவியத்தின் முதல் காண்டத்தில் எழுதியிருக்கிறார். 'ஆண்பால்' என்பதை 'இருபாற்பொது' என்று திருத்திவிடுங்கள்.

அன்புடன்,
லத்தீன் படிக்கும் ஒரு தமிழ் வாசகர்