ஆள் வராத காலத்திலும் அதே வாடகையா? விமான நிலைய நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

விமான நிலையங்களை நடத்துவோருக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பயணிகளுக்கு வரியில்லாமல் பொருள் விற்கும் டியூட்டி ஃப்ரீ கடையில், கவுன்டருக்குப் பின்னால் பல வருடம் நின்று வேலை பார்த்தவள் நான். பயணம் படுத்துவிட்ட காலங்களில் உங்கள் டெர்மினல்களில் அந்தக் கடைகள் என்ன கதிக்கு ஆளாகின்றன என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பாதி அலமாரி காலி, ராத்திரி விமானங்களுக்கு ஷட்டர் இறக்கம், பில் போட ஒரே ஆள். கேட்டால், "பயணிகள் இல்லை, வியாபாரம் இல்லை" என்கிறீர்கள். அது உண்மைதான். ஆனால் காரணம் அது மட்டுமில்லை. நீங்கள் போட்டிருக்கும் ஒப்பந்தத்துக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது.

பெரும்பாலான ஒப்பந்தங்களில் கடைக்காரர் விற்பனையில் இத்தனை சதவீதம் தர வேண்டும்; அது குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையைத் தொடாவிட்டால் அந்தத் தொகையையே கட்ட வேண்டும். கூட்டம் அலைமோதும் காலத்தில் டெண்டர் விடுகிறீர்கள். யார் அதிகத் தொகை தர முன்வருகிறாரோ அவருக்கே இடம். அந்த உற்சாகத்தில் எழுதிய தொகை பல வருடங்களுக்கு அப்படியே நிற்கும். பயணம் சரியும்போது விற்பனைப் பங்கு தானாகக் குறையும், உத்தரவாதத் தொகை குறையாது. அப்புறம் கடைக்காரர் எதில் மிச்சம் பிடிப்பார்? ஆளில், நேரத்தில், சரக்கில்.

உங்களுக்கும் நெருக்கடிதான், தெரியும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடுபாதையைப் பராமரிக்க வேண்டும், பாதுகாப்புக்குச் செலவழிக்க வேண்டும், கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். 2019இல் சுமார் 450 கோடியாக இருந்த உலக விமானப் பயணிகள் எண்ணிக்கை 2020இல் 180 கோடிக்கு இறங்கியது. அந்த ஒரே வருடத்தில், இந்தத் தொழிலின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றான டுஃப்ரியின் (இப்போது அவோல்டா) விற்பனை ஏறத்தாழ 70 சதவீதம் விழுந்தது. கவனியுங்கள், பயணிகளைவிட விற்பனை அதிகமாக விழுந்திருக்கிறது. நீண்ட தூரம் வெளிநாடு போகிறவர்கள்தான் இந்தக் கடைகளின் உயிர். முதலில் நின்றதும் கடைசியில் திரும்பியதும் அவர்கள்தான். இந்தக் கணக்கு உங்கள் ஒப்பந்தங்களில் எங்கே இருக்கிறது?

சரக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. டியூட்டி ஃப்ரீயில் இருக்கும் ஒவ்வொரு பாட்டிலும் சுங்கத்துறையின் கணக்கில் இருக்கிறது. விற்கவில்லை என்பதற்காக வெளியே எடுத்துப்போய் வேறு கடையில் வைத்துவிட முடியாது. விஸ்கி பொறுத்துக்கொள்ளும். சாக்லேட் பெட்டியின் அடியில் தேதி இருக்கிறதே! காலையில் வந்ததும் ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் பார்த்து, தேதி நெருங்கியதை முன்வரிசைக்கு நகர்த்துவோம். வாங்க ஆளில்லாதபோது முன்வரிசை முழுவதும் அதுவாகவே நிறையும். கடைசியில் கணக்குக் காட்டி அழிக்க வேண்டியதுதான். 2020 ஏப்ரலில் தென்கொரியா, நீண்ட நாள் தேங்கிய டியூட்டி ஃப்ரீ சரக்கை வரி கட்டி உள்நாட்டில் விற்க அனுமதித்தது. அப்படி ஓர் அனுமதியை உங்கள் சுங்கத்துறையிடம் கேட்க உங்களுக்கு இருக்கும் செல்வாக்கு தனி ஒரு கடைக்காரருக்குக் கிடையாது. கேளுங்கள்.

அடுத்து, ஆட்கள். வாசனைத் திரவியக் கவுன்டரில் சிரித்துக்கொண்டு நிற்பவருக்குப் பல இடங்களில் சம்பளம் தருவது கடை இல்லை. அந்த பிராண்டோ ஒரு ஏஜென்சியோ. சம்பளத்தில் கணிசமான பகுதி விற்பனை கமிஷன். ஷிப்டைக் குறைத்தால் அடிப்படைச் சம்பளமும் போகும், கமிஷனும் போகும். வேலை போனால் விமான நிலைய பாஸையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுபடி வாங்குவதென்றால் பின்னணிச் சரிபார்ப்பு முதலிலிருந்து தொடங்கும். அதனால்தான் பயணம் திரும்பினாலும் கடை உடனே பழைய நிலைக்கு வருவதில்லை.

அனுபவமுள்ள ஆள் போனால் நஷ்டம் பயணிக்கும்தான். வழியில் இன்னொரு விமானம் மாறப் போகிறவரா என்று கேட்டு, பாட்டிலை முத்திரையிட்ட பையில் போட்டு, பில் வெளியே தெரியும்படி உள்ளே வைத்து ஒட்ட வேண்டும். அவசரத்தில் புது ஆள் சாதாரணப் பையில் போட்டுவிட்டால், அடுத்த விமான நிலையத்தில் கைப்பைத் திரவத்துக்கு 100 மில்லி வரம்பு இருந்தால், பாதுகாப்புச் சோதனையில் அதைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். பயணி கடையைத் திட்டுவார். தன் வேலையை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் நிற்கும் அந்தப் பிள்ளையைத் திட்டுவார்.

வாடகையை மாற்றினால் போதுமா என்றால், எப்படி மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தென்கொரியாவின் இஞ்சியோன் விமான நிலையத்தைப் பாருங்கள். கொரோனா காலத்தில் வாடகையைத் தளர்த்தினார்கள். 2023இல் போட்ட புதிய ஒப்பந்தங்களில் பயணி ஒருவருக்கு இவ்வளவு என்று வைத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டம் திரும்பிய அளவுக்கு வாங்குபவர்கள் திரும்பவில்லை. தலை எண்ணிக்கை ஏற ஏற வாடகை ஏறியது, கல்லா ஏறவில்லை. 2025இல் அங்கே கடை நடத்திய ஷில்லா, ஷின்செகே நிறுவனங்கள் தங்கள் பகுதிகளில் ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தன. ஆகவே தலைக்கணக்கு வாடகை போதாது. உண்மையான விற்பனையோடு ஏறி இறங்கும் வாடகைதான் வேண்டும். நல்ல வருடத்தில் உங்களுக்கு அதிகப் பங்கு வரட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

1947இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் இந்த வியாபாரம் தொடங்கியபோது, அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப அங்கே இறங்கின. காத்திருக்கும் பயணிக்கு ஏதாவது தர வேண்டும் என்பதும் அதன் நோக்கமாக இருந்தது. இன்று உங்கள் வருமானத்தில் கணிசமான பங்கு கடைகளிலிருந்தும் பார்க்கிங்கிலிருந்தும் இப்படியான மற்றவற்றிலிருந்தும் வருகிறது. அந்தப் பணத்தை நின்று நின்று ஈட்டித் தந்தவர்களுக்காக மூன்று விஷயம் கேட்கிறேன்.

பயணிகள் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விழுந்தால் உத்தரவாதத் தொகை தானாகவே நின்றுபோகும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சரிவு வந்தபின் மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை வேண்டாம். அப்படித் தளர்த்தும்போது, கடை ஆட்களை, பிராண்டுகளின் ஆட்களையும் சேர்த்து, வேலையில் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். வேலை இழந்தவரின் பாஸை ரத்து செய்யாமல் நிறுத்தி மட்டும் வையுங்கள். திரும்பி வரும் நாளில் அவர் நேராகக் கவுன்டருக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் டியூட்டி ஃப்ரீ விற்பனைப் பணியாளர் ஒருவர்