வெண்டிலேட்டரைத் திறக்கச் சொன்னவன் நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பிள்ளைகள் வீடு வாங்கும்போது கூடப் போய்ப் பார்க்கிற பெற்றோருக்கென்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடன், வட்டி, பள்ளிக்கூடம், வாசல் திசை எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு பத்தியில்தான் எனக்குச் சண்டை. வீட்டுக்கு அடியில் ஈரம் தெரிந்தால் கவலை வேண்டாம், வீட்டின் அடிச்சுவரில் காற்றுக்காக விட்டிருக்கும் துளைகளை, அதாவது வெண்டிலேட்டர்களை, திறந்துவிட்டால் காற்றில் காய்ந்துவிடும் என்று அதில் இருக்கிறது. இதே யோசனையை நானும் சொன்னவன். பொதுப்பணித் துறையில் 31 வருஷம் கட்டடம் கட்டிய தைரியத்தில் சொன்னேன். மகள் வீட்டுத் தரை கெட்டது.

மகளும் மாப்பிள்ளையும் வட கரோலினாவில், ராலிக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். போன வருஷம் மே மாதம் நானும் என் மனைவியும் ஆறு மாதம் தங்கப் போனோம். அந்தப் பக்கத்து வீடுகளின் அடிப்பகுதி நம்மூர் மாதிரி இல்லை. நாம் அஸ்திவாரம் எழுப்பி, பேஸ்மட்டத்துக்குள் மணல் கொட்டி, தண்ணீர் விட்டு, திம்மிசுக் கட்டையால் அடித்துக் கெட்டிப்படுத்தி, அதன் மேல் தளம் போடுகிறோம். அங்கே சுற்றிலும் மூன்றடிச் சுவர், நடுவில் ஏழெட்டுத் தூண், அதன் மேல் மரச் சட்டங்கள், சட்டத்தின் மேல் ஒட்டுப்பலகை, அதன் மேல் தரை. கீழே வெறும் மண். நடுவில் இருக்கும் பொந்தில் தவழ்ந்துதான் போக முடியும், அதனால் பெயரே கிரால் ஸ்பேஸ். “இந்த வீட்டுக்கு பேஸ்மென்ட் கிடையாது மாமா” என்று மாப்பிள்ளை சொன்னபோது, பேஸ்மட்டமே இல்லாத வீட்டை எவனாவது வாங்குவானா என்று பதறிப்போனேன். அங்கே அந்தச் சொல்லுக்கு நிலவறை என்று அர்த்தமாம்.

கோளாறை முதலில் கண்டுபிடித்தது என் மனைவி, அதுவும் பாதத்தால். ஜூன் கடைசியில் ஒருநாள் கூடத்தில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தவள், “பலகை ஓரமெல்லாம் காலில் நெருடுதுங்க” என்றாள். குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். ஒவ்வொரு மரப்பலகையும் நடுவில் குழிந்து இரண்டு ஓரமும் தூக்கியிருந்தது. அடிப்பக்கம் ஈரம் குடித்து ஊதி, மேல்பக்கம் ஏ.சி.யில் காய்ந்தால் மரம் இப்படித்தான் வளையும். அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பொரித்த அப்பளம் அரை மணியில் நமுத்துப் போகிறது, உப்பு ஜாடியில் கட்டி தட்டுகிறது, ஏ.சி. ஓட ஆரம்பித்ததும் நனைந்த கோணிச் சாக்கு வாடை அடிக்கிறது. நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் முழங்கால் பட்டை கட்டிக்கொண்டு, பின்பக்கச் சின்னக் கதவு வழியாக மாப்பிள்ளையும் நானும் உள்ளே போனோம். அறுபத்தேழு வயதில் செய்யக்கூடிய காரியம் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது, மேலே சட்டங்களுக்கு நடுவே செருகியிருந்த கண்ணாடி நார்ப் பஞ்சு. ஈரம் ஏறிக் கனத்துப் பாதி கழன்று, கிழிந்த மெத்தை போலத் தொங்கியது. ஏ.சி.யின் குளிர்காற்றுக் குழாய்களும் அந்தப் பொந்து வழியாகத்தான் ஓடுகின்றன. குழாய் முழுக்க வியர்த்து, வளைவில் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. செம்மண் களி, தண்ணீரை லேசில் உறிஞ்சாது. யாரோ எப்போதோ மண் மேல் விரித்த பிளாஸ்டிக் தாள் பாதி சுருண்டு, அதன் மேல் ஒரு குட்டை. முதுகு கூனிய பாச்சை ஒன்று டார்ச்சை நோக்கித் தாவி என் கன்னத்தில் விழுந்தது. மாப்பிள்ளை இரண்டு ஊசி வைத்த ஈரமானியை ஒரு சட்டத்தில் குத்தினார். 21 சதவீதம். 20-ஐத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். சட்டத்தின் பக்கங்களில் சாம்பல் தூவினாற்போல் அது ஏற்கெனவே படர்ந்திருந்தது.

வெளியே வந்ததும் சுவரைச் சுற்றி நடந்து பார்த்தேன். பதினான்கு வெண்டிலேட்டர், அதில் பாதி இலை அடைத்துக் கிடந்தது. ஆகா, பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். “மாப்பிள்ளை, எல்லாத்தையும் சுத்தமாத் திறந்துவிடுங்க, ஒரு மூலையில் ஃபேன் வைங்க. காத்து ஓடினா பத்து நாளில் காஞ்சிடும்” என்றேன். பெரியவர் சொல்லைத் தட்டக்கூடாது என்று அவரும் அப்படியே செய்தார். பன்னிரண்டாம் நாள் ஊசியைக் குத்தினால் 24. கூடத்துப் பலகைகளின் ஓரம் இன்னும் தூக்கிக்கொண்டது.

கணக்கு என்ன என்று அப்போதுதான் உட்கார்ந்து போட்டேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த எவர்சில்வர் டம்ளர் மேஜையில் வியர்க்கிறதே, விஷயம் அவ்வளவுதான். ஜூலை மாதத்தில் அங்கே வெளிக்காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 23 டிகிரிக்குக் குளிர்ந்தால் நீராகிவிடும். வீட்டுக்கு அடியில் நிழலில் கிடக்கும் மண்ணும் சுவரும் மரமும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கின்றன, ஏ.சி. குழாய் அதைவிட எவ்வளவோ குளிர்ச்சி. ஆக, வெளிக்காற்று உள்ளே நுழைந்து 24 டிகிரிக்கு வந்தாலே அதன் ஈரப்பதம் 96-க்கு ஏறிவிடுகிறது. நான் வைத்த ஃபேன் ராத்திரி பகலாக ஈரத்தை வாரி உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் வெண்டிலேட்டர் உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ஈரம் உச்சத்தில் இருக்கும் மூன்று நான்கு மாதம் அதுவே எதிரி.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 150 சதுர அடித் தரைக்கு 1 சதுர அடி வெண்டிலேட்டர் என்ற விதி அங்கே ஏ.சி. பரவாத காலத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் ராலியிலேயே இருக்கிறார்கள். அட்வான்ஸ்டு எனர்ஜி என்ற அமைப்பு, 1999-இல் ஃப்ளாய்ட் புயல் வெள்ளத்தில் மூழ்கிய பிரின்ஸ்வில் என்ற சிற்றூரில், ஒரே மாதிரிக் கட்டிய 12 சின்ன வீடுகளை எடுத்துக்கொண்டது. சிலவற்றில் வெண்டிலேட்டரை அப்படியே விட்டார்கள், மற்றவற்றை அடைத்து மண்ணையும் சுவரையும் பிளாஸ்டிக் தாளால் மூடினார்கள். துளை விட்ட வீடுகளுக்கு அடியில் கோடையில் ஈரப்பதம் 80-க்கு மேலேயே நின்றது. அடைத்தவை வறண்டு கிடந்தன, ஏ.சி.க்கும் கணப்புக்கும் ஆகிற செலவும் 15 சதவீதத்துக்குக் குறையாமல் மிச்சமானது. பிறகு கட்டட விதியிலும் அடைத்துக் கட்ட வழி வந்தது. அந்த அறிக்கையை மாப்பிள்ளை அச்செடுத்துக் கொடுத்தார். “நீங்க இன்ஜினியர் மாமா, படிச்சுப் பாருங்க” என்றபோது அவர் குரலில் கிண்டல் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேலைக்கு மூன்று பேரிடம் மதிப்பீடு கேட்டோம். முதலில் வந்த கம்பெனிக்காரர் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, பூஞ்சணத்துக்கு மருந்து அடித்தால் போதும், இன்றே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி என்றார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாமவர் எடுத்த எடுப்பிலேயே தாள் விரிக்க வந்தார். மூன்றாமவர் உள்ளேயே போகவில்லை. அரை மணி நேரம் வீட்டைச் சுற்றி நடந்து, கூரை நீர் இறங்கும் குழாய்கள் சுவரோரமே கொட்டுவதையும், பின்பக்க மண் வீட்டைப் பார்த்துச் சரிந்திருப்பதையும் காட்டினார். “குட்டை மேல் பாய் விரித்துப் படுப்பீர்களா?” என்று அவர் கேட்டதாக மாப்பிள்ளை தமிழில் சொன்னார். மொழிபெயர்ப்பில் மாப்பிள்ளையின் கைவரிசை எவ்வளவோ, எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. செலவு பன்னிரண்டாயிரம் டாலர் சொச்சம். ரூபாயில் பெருக்கிப் பார்த்து அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் வாரம் முழுக்க வெளியேதான் வேலை. கூரை நீர்க் குழாய்களைப் பத்தடி தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். பின்பக்கம் மண்ணை வெட்டி, பத்தடிக்கு ஆறு அங்குலம் வெளியே சரியும்படி ஆக்கினார்கள். ஒரு பெருமழை பெய்து உள்ளே தண்ணீர் வரவில்லை என்று பார்த்த பிறகுதான் அடியில் கை வைத்தார்கள். நனைந்த பஞ்சை மூட்டை மூட்டையாக வெளியேற்றினார்கள், இருபத்தாறு மூட்டை, வாசலில் நின்று எண்ணினேன். ஏ.சி. குழாய்களின் இணைப்புகளைப் பூசி அடைத்தார்கள். அதன் பிறகு தடித்த வெள்ளைப் பாலித்தீன். மண்ணை முழுதும் மூடி, ஒன்றின் மேல் ஒன்று ஓரடி ஏற்றி நாடா ஒட்டி, தூண்களைச் சுற்றிக் கட்டி, சுவரிலும் மேலே ஏற்றினார்கள். வெண்டிலேட்டர் பதினான்கையும் கெட்டி நுரைப்பலகை வைத்து அடைத்தாயிற்று.

சுவரில் ஏற்றிய தாளை உச்சிவரை கொண்டுபோகாமல் மரத்துக்கு மூன்று அங்குலம் கீழேயே நிறுத்தினார்கள். எதற்கு என்று புரியவில்லை, தாள் போதவில்லையோ என்றுகூட நினைத்தேன். கரையான் மண்ணிலிருந்து சுவர் வழியாகப் புற்று கட்டி மரத்துக்கு ஏறும். அந்த மூன்று அங்குலம் வெறும் சுவராக இருந்தால்தான் பூச்சி பார்க்க வருகிறவர் கண்ணில் படும். தாளுக்குப் பின்னால் ஏறினால் மரத்தைத் தின்று முடித்த பிறகுதான் நமக்குத் தெரியும். விதியே அப்படித்தானாம். மன்னார்குடியில் நிலைக்கதவைக் கரையானுக்குக் கொடுத்தவன் நான், எனக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

கடைசியாக, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் ஒன்று. அடைத்துவிட்டால் மட்டும் போதாது, மரத்தில் ஏற்கெனவே ஊறிய ஈரமும் கசிந்து வருகிற ஈரமும் எங்கே போகும்? ஒன்று இந்த இயந்திரம் இழுக்க வேண்டும், இல்லை ஏ.சி. காற்றைக் கொஞ்சம் அங்கே திருப்பிவிட வேண்டும். முதல் நாள் ராத்திரி அதன் வடிகுழாயை ஒரு வாளியில் விட்டுப் பார்த்தேன். காலையில் வாளி நிறைந்து வழிந்திருந்தது. அக்டோபர் கடைசியில், நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் குத்திப் பார்த்தபோது மரம் 13. அடிக்காற்றின் ஈரப்பதம் 52. அப்பளம் மொறுமொறுப்பாக இருந்தது. தரைப்பலகைகள் பெரும்பாலும் தானாகப் படிந்துவிட்டன, சமையலறை வாசலில் இரண்டு மட்டும் இன்னும் நெருடுகிறது என்கிறாள் மகள்.

எல்லா வீட்டுக்கும் இதுதான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடியில் எரிவாயுக் கணப்பு இருந்து, அது அங்கிருக்கும் காற்றையே எடுத்து எரிகிறது என்றால் அடைப்பது ஆபத்து, முதலில் அதை மாற்ற வேண்டும். மண்ணிலிருந்து வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவுக்குச் சோதனை பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளம் வரும் பகுதி என்று வரைபடத்தில் இருந்தால் வெள்ள நீர் புகுந்து வடிய வழி விட்டே ஆக வேண்டும், அங்கே விதி வேறு.

நம்மூர் வாசகர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு வீட்டு ஓதத்துக்குப் பாலித்தீன் வாங்கக் கிளம்பிவிடப் போகிறார்கள். நம் சுவரில் ஏறுவது செங்கல் வழியாக மண்ணிலிருந்து உறிஞ்சும் ஈரம், அதற்குப் பேஸ்மட்டத்துக்கு மேல் ஒழுங்காக டி.பி.சி., அதாவது ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு, போட்டிருக்க வேண்டும். போடாத கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன, இன்னொரு கடிதம் ஆகும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் பத்தியைத் திருத்தி, கோடையில் புழுக்கமான ஊர்களில் வெண்டிலேட்டரைத் திறந்துவிடுவது ஈரத்தைக் கூட்டும் என்று நாலு வரி போடுங்கள். வீடு வாங்கக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பின்பக்கச் சின்னக் கதவைத் திறக்கச் சொல்லி, ஈரமானியோடு ஒரு ஆளை உள்ளே அனுப்பச் சொல்லியும் எழுதுங்கள். தவழ முடிந்தவர்கள் தாங்களே போகலாம். முழங்கால் பட்டை அங்கே கடையில் இருபது டாலருக்குக் கிடைக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்,
மன்னார்குடி.