‘இல்லை’ என்றால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்

காவிரி டெல்டா மாவட்டங்களின் சட்டப்பணிகள் ஆணைக்குழுத் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், வட்டச் சட்டப்பணிகள் குழுக்களில் உள்ள நீதிபதிகளுக்கும் வணக்கம்.

டெல்டாவில் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைத் தாழ்வாரத்தில் மேசை போட்டு மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பணம் எல்லாம் எழுதுவேன். ஆனாலும் என் மேசைக்கு வருகிறவர்களில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களைக் கைபிடித்துக் கூட்டி வருகிறவர்களும்தான் அதிகம். எனக்கும் இடது கால் போலியோவில் சூம்பியது. ‘இவருகிட்ட சொன்னாப் புரியும்’ என்று தேடி வருகிறார்கள்.

எங்கள் பக்கம் நீதியைப் பற்றி யார் பேச எழுந்தாலும் மனுநீதிச் சோழனையும் ஆராய்ச்சி மணியையும் கொண்டுவந்துவிடுவார்கள். அந்தப் பசுவிடம் யாரும் விண்ணப்ப எண் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. உதவித்தொகைக்கோ, சான்றுக்கோ, இழப்பீட்டுக்கோ போன எங்கள் ஆட்களிடம் ‘இல்லை’ என்று சொல்லும்போது, அந்த ‘இல்லை’யை எழுத்தில் வாங்கித் தாருங்கள். வழக்கு, வக்கீல், வாய்தா எல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது நடப்பது என்ன? ‘சதவீதம் பத்தலைம்மா.’ ‘பையன் வேலைக்குப் போறான்ல, அப்புறம் எதுக்கு?’ ‘சைட் ஓப்பன் ஆகலை, அடுத்த வாரம் வாங்க.’ ‘இது எங்க ஆபீஸ் இல்லை.’ இப்படி வாயால் சொல்லி அனுப்புகிறார்கள். தேதி இல்லை, கையெழுத்து இல்லை, சொன்னவர் யார் என்பதும் இல்லை. ஊருக்குத் திரும்பியவரிடம் ‘என்ன சொன்னாங்க?’ என்று கேட்டால், ‘கிடைக்காதாம்’ என்பார். ஏன் என்று கேட்டால் தெரியாது. இந்தக் ‘கிடைக்காதாம்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எந்த வக்கீல் எங்கே மேல்முறையீடு செய்வார்?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 58-ஆவது பிரிவை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஊனச் சான்று கொடு; கொடுக்க முடியாது என்றால் எழுத்தில் தெரிவி. இரண்டில் ஒன்றுதான் வழி. 59-ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கு இடம் தருகிறது. அந்தக் கதவு திறக்க முதல் கதவிலிருந்து ஒரு தாள் வெளியே வர வேண்டும். அந்தத் தாள் வருவதே இல்லை. ஊனத்தின் வகை ஏழு என்றிருந்ததை 21 ஆக்கியது இந்தச் சட்டம். எங்கள் தெருக்களில் பலருக்கு அது இன்னும் ஏழுதான், மற்றதெல்லாம் ‘நோய்’.

பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் மரமேறி விழுந்த ஒருவர் கதையைச் சொல்கிறேன். தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே சரியாக உணர்ச்சி இல்லை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கேட்டுப் போனபோது, ‘75 சதவீதம் இருந்தாத்தான், உங்களுக்கு இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊனத்தின் அளவு 75 சதவீதம் என்பது கடும் பாதிப்பு என்ற ஒரு பிரிவுக்குக் கேட்பது. தண்டுவடப் பாதிப்புக்கு அதே திட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. தொழுநோயிலிருந்து மீண்டவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர், தசைச் சிதைவு உள்ளவர், பார்க்கின்சன்ஸ் உள்ளவர் எல்லாருக்கும் அப்படியே தனித்தனி. ‘75 சதவீதம் இல்லாததால் நிராகரிக்கப்படுகிறது’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால், அதைப் படிக்கிற எவருக்கும் தப்பு முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும். வாயால் சொன்ன தப்பைத் திருத்த யாராலும் முடியாது. அவர் மனைவி அதற்குப் பிறகு மனு போடவே மறுத்துவிட்டார். ‘பெரிய ஆபீஸரே சொல்லிட்டாருண்ணே’ என்றார் என்னிடம்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரே ஆள் மூன்று பிர்காவைப் பார்க்கிறார், நடுவில் தேர்தல் வேலை, வெள்ள நிவாரணம். சொல்லி அனுப்புவது அவருக்குச் சுலபம். எழுத வேண்டும் என்றால் காரணத்தை யோசிக்க வேண்டும், அரசாணையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பல பேருக்குக் கொடுத்தே ஆக வேண்டியிருக்கும். நான் எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதற்காகத்தான்.

இரண்டு துறைக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் தனி ரகம். 40 சதவீதத்துக்கு மேல் உள்ள ஆதரவற்றவருக்கு வருவாய்த் துறையில் ஓய்வூதியம். கடும் பாதிப்புக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறையில் பராமரிப்புத் தொகை. இரண்டில் ஒன்றுதான் வாங்கலாம், அது நியாயம். ஆனால் ‘அங்கே வாங்கவில்லை என்று எழுதி வாங்கிட்டு வா’ என்று இங்கே சொல்வார்கள்; ‘அப்படியெல்லாம் எழுதித் தர முடியாது’ என்று அங்கே சொல்வார்கள். கோடியக்கரையிலிருந்து நாகப்பட்டினம் ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் எங்களுக்கும் துணைக்கு வருகிறவருக்கும் இலவசம். அத்தனை தூரத்துக்கு நகரப் பேருந்து ஏது? துணைக்கு வருகிறவருக்கு அன்றைய கூலியும் போச்சு. வேதாரண்யம் உப்பளத்தில் காலமெல்லாம் வேலை பார்த்த கைகளுக்கு ரேகையே பதிவதில்லை, அதைச் சொல்லியும் திருப்பி அனுப்புகிறார்கள். விரல் ரேகை இல்லாதவருக்குக் கருவிழியை வைத்து ஆதார் பதியலாம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

    

அடுத்து, வயலில் கைகால் போனவர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தை பிறந்தால் சேலம், ஆத்தூர் பக்கமிருந்து அறுவடை வண்டிகள் தரகர் மூலமாக எங்கள் வயல்களில் இறங்கும். வண்டியில் வைக்கோல் அடைத்துக்கொண்டால் கைவிட்டு எடுக்கிறவன் உள்ளூர்ப் பையன். பெல்ட்டில் கை மாட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஒருவர் சொல்லிக் கொடுத்துவிடுவார்: ‘வரப்புல வழுக்கி விழுந்தேன்னு சொல்லுப்பா, வீணா போலீஸு கேஸுன்னு அலையாதே.’ ஏ.ஆர். காப்பி என்று நாங்கள் சொல்லும் விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறிவிடும். அதற்குப் பிறகு பிரம்மாவாலும் மாற்ற முடியாது. நாலு நாள் கழித்துப் பஞ்சாயத்து. வண்டிக்காரர் கொஞ்சம், வயல்காரர் கொஞ்சம், பத்திரத்தில் ஒரு கையெழுத்து: ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்.’ கையெழுத்துப் போட வேண்டிய கை கட்டுக்குள் இருப்பதால் இடது பெருவிரல். அறுவடை முடிந்ததும் வண்டி வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். நோட்டீஸ் அனுப்ப விலாசம் இருக்காது, வண்டி நம்பர்கூட யாரும் குறித்து வைத்திருக்கமாட்டார்கள்.

டிராக்டர் போன்ற எந்திரத்தை வைத்துச் செய்யும் விவசாய வேலை 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் இருந்தது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய பத்திரம் செல்லாது என்றும் அந்தச் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்துவிட்டது. பழைய சட்டத்தையே கேள்விப்படாத ஊருக்குப் புதியதை யார் வந்து சொல்வது? ‘பத்திரத்துல கைநாட்டு வெச்சுட்டேனே சார், இனி கேக்க முடியுமா?’ என்றுதான் கேட்கிறார்கள். முடியும் என்று நான் சொன்னால், மனு எழுதுகிறவன் காசுக்காகச் சொல்கிறான் என்று நினைக்கிறார்கள். நீதிமன்ற முத்திரையோடு நீங்கள் சொன்னால் நம்புவார்கள்.

ஆகவே கொள்முதல் நடக்கிற மாதங்களிலாவது, குறுவைக்கு ஒருமுறை, சம்பா தாளடிக்கு ஒருமுறை, ஒவ்வொரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கும் உங்கள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எந்த ஊரில் யாருக்கு என்ன ஆனது என்பது அங்கே மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. விபத்து நடந்த முதல் இரண்டு மூன்று நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய், நடந்ததை நடந்தபடி பதிய வைத்து, வண்டி நம்பரைப் போட்டோ எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மாதம் கழித்து எத்தனை பெரிய வக்கீலைப் போட்டாலும் அந்த இரண்டு மூன்று நாளைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

உங்கள் விழிப்புணர்வு முகாம்களுக்கு நான் போயிருக்கிறேன். நல்ல நோக்கம்தான். ஆனால் காலை பதினோரு மணிக்குக் கல்லூரிக் கலையரங்கில் நடத்தினால் கேட்கப்போவது மாணவர்கள். சட்டம் தெரிய வேண்டியவர் அப்போது நடவில் இருப்பார், இல்லையென்றால் நூறு நாள் வேலையில். சாயங்காலம் ஐந்துக்கு மேல் காலனி அங்கன்வாடியில் வைத்துப் பாருங்கள். சால்வையும் மேடையும் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்: யாருக்கு எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியில், என்ன காரணம் சொல்லி ‘இல்லை’ என்றார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த நாள் உங்கள் கடிதத் தாளில் அந்த அலுவலகத்துக்கு ஒரு கேள்வி போகட்டும். நான் எழுதும் மனு கோப்பில் தூங்கும். செயலாளராக இருக்கிற நீதிபதியின் கடிதத்துக்குப் பதில் வந்தே தீரும். வரவில்லையென்றால் வழக்குக்கு முந்தைய மனுவாக எண்ணிட்டு இரு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைக்கவும் உங்களுக்கு வழி இருக்கிறது.

மருத்துவக் குழு உட்காரும் முகாமிலும் உங்கள் ஆள் ஒருவர் இருக்க வேண்டும். சதவீதத்தில் தலையிட அல்ல. அது மருத்துவர் வேலை. சான்று இல்லை என்று திரும்புகிறவர் கையில் காரணம் எழுதிய தாள் இருக்கிறதா என்று வாசலில் பார்க்க.

ஒரு முடிச்சையும் நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. ஆனால் உங்கள் அலுவலகத்திலும் சிலர் முதலில் கேட்பது ஊனச் சான்றைத்தான். சான்று மறுக்கப்பட்டதே அவர் வழக்கு. அந்தச் சான்று இருந்தால் அவர் ஏன் உங்களிடம் வருகிறார்? அதே 12-ஆவது பிரிவில் பெண்கள் இருக்கிறார்கள், பட்டியல் சாதியினர் இருக்கிறார்கள், வருமானம் குறைந்தவர்கள் இருக்கிறார்கள். டெல்டாவின் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தில் இந்த மூன்றில் ஒன்றாவது பொருந்தாதவரைக் காட்டுவது கடினம். வருமானத்துக்கு அவர் தரும் பிரமாணப் பத்திரமே போதும் என்று அடுத்த பிரிவு சொல்கிறது. அந்த வழியில் உள்ளே விடுங்கள், சான்று பின்னால் வரட்டும்.

பதினெட்டு வயது தாண்டிய, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மார்களையும் மறந்துவிடாதீர்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பாதுகாவலர் சான்று தரும். பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு அதைக் கேட்கிறார்கள். எங்கே போய் வாங்குவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

கடைசியாக, செலவில்லாத ஒரு வேலை. ஒவ்வொரு கொள்முதல் நிலையத்திலும் நெல்லின் விலையையும் 17 சதவீத ஈரப்பதத்தையும் எழுதி ஒரு பலகை வைத்திருப்பார்கள். டெல்டாவில் எல்லாரும் நின்று படிக்கிற பலகை அது ஒன்றுதான். உங்கள் இலவச எண் 15100 என்பதை அதன் அடியில், மூட்டை தூக்குகிறவர் நிமிராமலே படிக்கிற உயரத்தில், பெரிய எழுத்தில் எழுதச் சொல்லிக் கடிதம் அனுப்புங்கள். சம்பா அறுவடைக்கு முன்னால் அனுப்பினால் நல்லது. வண்டிகள் தை முதல் வாரத்தில் வந்துவிடும்.

இப்படிக்கு,
டெல்டாவில் மனு எழுதும் ஒருவன்