வெட்டுக் கிணறுகளைத் தூர்த்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை பிறந்தால் பல்லடம், காங்கயம் பக்கத்துச் சாலைகளில் ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் ரிக் வண்டிகளின் நடமாட்டம் கூடிவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்தில் 800 அடி என்றால் நாம் 1,000 அடி போடலாம் என்று கடன் வாங்கியாவது ஆழத்துக்குப் போகிறோம். அதே தவறைச் செய்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் பாட்டனார் காலத்தில் வெட்டிய 70 அடிக் கிணறு ஒன்று உண்டு. அது வற்றிய ஆண்டில் நாங்களும் போர் போட்டோம். குழியிலிருந்து காற்று ஊதித் தள்ளியதை அருகில் நின்று கையில் அள்ளிப் பார்த்தேன். முதலில் செம்மண் வந்தது. பிறகு விரலால் நசுக்கினால் உதிரும் மஞ்சள் நிறச் சுக்கான், அதாவது சிதைந்து மக்கிய பாறை. 80 அடி தாண்டியதும் வெள்ளையும் கறுப்பும் கலந்த, மாவாக அரைத்த பாறைத்தூள். 640 அடியில் ஒரு வெடிப்பில் தண்ணீர் பீறிட்டபோது வீட்டில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். மூன்றாவது கோடையில் மோட்டார் காற்றைத்தான் இழுத்தது.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு இத்தகைய கடினப்பாறைதான். அதற்குள் நாம் நம்புவதுபோல் தனி ஆறு எதுவும் ஓடவில்லை. பெய்த மழையைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் மேலே உள்ள அந்தச் சுக்கான் அடுக்கு. அடியில் உள்ள வெடிப்புகளுக்கு வந்து சேர்வதும் அங்கிருந்து மெல்லக் கசிந்து இறங்கும் தண்ணீரே. ஆகவே ஆழப் போகிறவருக்குப் புதிய தண்ணீர் கிடைப்பதில்லை. மேல்கிணற்றின் பங்கையோ, பல ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையின் மிச்சத்தையோதான் அவர் எடுக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் மனம் பதைக்கிறது. ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது சுமார் 4,000 லிட்டர். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 24 லட்சம் லிட்டர் விழுகிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகவும் பயிர் வழியாகவும் வானத்துக்கே திரும்பிவிடுகிறது, கொஞ்சம் ஓடையில் ஓடிவிடுகிறது. இத்தகைய பாறை நிலத்தில் நிலத்தடிக்குச் சேர்வது பத்தில் ஒரு பங்கு அளவே. மணிக்கு 10,000 லிட்டர் இறைக்கும் மோட்டார் அந்த 2,40,000 லிட்டரை ஒரே நாளில், அதாவது 24 மணி நேரத்தில், வெளியே கொண்டுவந்துவிடும். ஓர் ஏக்கருக்கு ஓர் ஆண்டில் சேர்ந்தது அவ்வளவுதான்.

இந்த நிலையில் தண்ணீர் இல்லை என்று வெட்டுக் கிணறுகளைக் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டித் தூர்ப்பது எனக்குப் பெரும் வேதனை தருகிறது. சுக்கான் அடுக்கோடு நேரடித் தொடர்புள்ளவை அவைதான். ஆழ்துளைக் குழியிலோ கடினப்பாறை தட்டும்வரை, மண் சரியாமல் காக்கும் கேசிங் குழாய் இறக்கி அந்த அடுக்கை அடைத்துவிடுகிறோம். எங்கள் கிணற்றுக்கு மேற்கே, வயலில் வழியும் மழைநீர் வந்து சேரும் இடத்தில், வண்டல் படிய ஒரு குழியும், அதை அடுத்துக் கல், ஜல்லி, மணல் நிரப்பிய வடிகுழியும் அமைத்து, அங்கிருந்து கிணற்றுக்குள் குழாய் விட்டோம். ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழையில் தண்ணீர் ஏழு அடி ஏறியது. சாக்கடையோ சாயக்கழிவோ கலக்கும் இடத்தில் மட்டும் இதை எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது. ஒருமுறை கெட்ட நிலத்தடி நீரை எளிதில் கழுவி எடுக்க முடியாது.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாக்கப்பட்டது. தோட்டத்துக் கிணறுகளுக்கு அந்த அளவு அக்கறை காட்டப்படவில்லை. ஊராட்சிதோறும் எஞ்சியிருக்கும் வெட்டுக் கிணறுகளை மாவட்ட நிர்வாகங்கள் இந்தக் கோடையிலேயே கணக்கெடுத்து, தூர்ப்பதைத் தடுத்து, வண்டல் அள்ளவும் வடிகுழி அமைக்கவும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே உதவ வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.